எந்தப் பெட்டியை வாங்குவது? – 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' சீட்டு விளையாட்டும் அதன் விரிவுத் தொகுப்புகளும்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி கார்டு கேம்' என்பது ஜே. ஆர். ஆர். டோல்கீனின் புதினங்களை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் ஃபேன்டஸி ஃபிளைட் கேம்ஸ் நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட சீட்டு விளையாட்டு ஆகும். இதனை வடிவமைத்தவர் நேட் ஃபிரெஞ்ச். இதில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. எல்லாரும் ஓரணியில் நின்று, விளையாட்டே நடத்தும் எதிரியை வெல்ல முயல்கின்றனர். வென்றால் எல்லாருக்கும் வெற்றி. தோற்றால் எல்லாருக்கும் தோல்வி. துணைக்கு ஆள் இல்லாதவர் தனியாகவும் ஆடலாம்.

2011 முதல் 2020 வரை இந்த விளையாட்டுக்கு ஒன்பது சுற்றுகளாக 54 சிறு பொதிகள் வெளிவந்தன. அவற்றுடன் எட்டுப் பெரும்பெட்டிகளும், புதினங்களின் கதையைப் பின்தொடரும் எட்டுக் காவியப் பெட்டிகளும் வந்தன. ஆக 70 விரிவுத் தொகுப்புகள். தனியாக விற்கப்பட்ட பயணங்களும் கடினப் பதிப்புக் கட்டுகளும் இக்கணக்கில் சேரவில்லை. அடிப்படைப் பெட்டியை வாங்கி ஆடிப் பார்த்து, பிடித்துப்போய், அடுத்து என்ன வாங்கலாம் என்று கடைக்குப் போன ஒருவர் இந்த 70-இன் முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி விளையாட்டின் ஆயுள் முழுவதும் கூடவே வந்தது. அதற்குப் பதிப்பகம் அளித்த விடை பலமுறை மாறியது. இறுதியில் பெட்டிகளையே பிரித்து வேறு விதமாகக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தின் வரலாறே இக்கட்டுரை.

குலுக்கலிலிருந்து தவணைக்கு

தமிழில் 'சீட்டு' என்ற சொல் ஆட்டச் சீட்டையும் குறிக்கும், குலுக்கல் சீட்டையும் குறிக்கும், மாதாமாதம் பணம் கட்டும் சீட்டையும் குறிக்கும். வணிகச் சீட்டு விளையாட்டுகளின் அண்மைக்கால வரலாறு இந்த மூன்று பொருளையும் தொட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'மேஜிக்: தி கேதரிங்' குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. மூடிய உறைக்குள் எந்தச் சீட்டுகள் இருக்கின்றன என்பது பிரிக்கும்வரை தெரியாது. சில சீட்டுகள் மலிவாகக் கிடைக்கும். சில அரிதாகவே கிடைக்கும். வேண்டிய சீட்டு வரும்வரை உறைகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது வைத்திருப்பவரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் அதன் முதல் விரிவான 'அரேபியன் நைட்ஸ்' வந்தது. அப்போதிலிருந்து சீட்டு விளையாட்டு என்றாலே உறை பிரிக்கும் பரபரப்பு என்றாகிவிட்டது. டோல்கீனின் உலகை வைத்து 1995-இல் அயர்ன் கிரவுன் என்டர்பிரைசஸ் நிறுவனமும் 2001-இல் டிசைஃபர் நிறுவனமும் வெளியிட்ட சீட்டு விளையாட்டுகளும் இதே குலுக்கல் வழியில்தான் விற்கப்பட்டன.

2008-இல் ஃபேன்டஸி ஃபிளைட் நிறுவனம் இதிலிருந்து விலகியது. தன்னிடமிருந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்', 'கால் ஆஃப் கதுலு' ஆகிய இரு சீட்டு விளையாட்டுகளையும் குலுக்கல் இல்லாத முறைக்கு மாற்றி, அதற்கு 'லிவிங் கார்டு கேம்' என்று பெயரிட்டது. இம்முறையில் ஒவ்வொரு பொதியிலும் என்னென்ன சீட்டுகள் உள்ளன என்பது முன்கூட்டியே தெரியும். அதே பொதியை யார் வாங்கினாலும் அதே சீட்டுகள்தான். புதுப் பொதிகள் ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும். குலுக்கல் போய், மாதத் தவணை வந்தது.

வாங்குபவருக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் குலுக்கலில் ஒரு வசதி இருந்தது: அங்கே தேர்வு என்ற சுமையே கிடையாது. எந்த உறையை எடுத்தாலும் ஒன்றுதான். உள்ளடக்கம் தெரிந்த பொதிகள் வந்த பிறகே, எதை வாங்குவது, எதை விடுவது என்று வாங்குபவர் ஆராய வேண்டிய நிலை உண்டானது.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி

போட்டி விளையாட்டில் விரிவுத் தொகுப்பைத் தேர்வது ஒப்பீட்டளவில் எளிது. தன் கட்டை வலுப்படுத்தும் சீட்டுகள் எந்தப் பொதியில் உள்ளனவோ அதை வாங்கினால் போதும். எதிரே இருப்பவரும் தன் பங்குக்கு வாங்கிக்கொள்வார். சேர்ந்து ஆடும் விளையாட்டில் நிலைமை அப்படியல்ல. அங்கே எதிரியும் பெட்டிக்குள்தான் இருக்கிறான். அவனையும் வாங்குபவரே காசு கொடுத்துக் கொண்டுவர வேண்டும்.

இச்சிக்கலின் முன்மாதிரியை ரெய்னர் க்னிட்சியா 2000-இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பலகை விளையாட்டிலேயே காணலாம். ஹாபிட்டுகள் ஒன்றுசேர்ந்து மோதிரத்தை அழிக்கச் செல்லும் அந்த விளையாட்டுக்கு 2001-இல் 'ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபோஸ்' என்ற விரிவு வந்தது. அது பிரீ, ஐசன்கார்ட் ஆகிய இடங்களையும் புதிய பகைவர்களையும் சேர்த்தது. 2002-இல் வந்த 'சௌரான்' விரிவோ ஆடுபவர்களில் ஒருவரையே எதிரியாக்கிவிட்டது. முன்னது பயணத்தை நீட்டியது. பின்னது விளையாட்டின் இயல்பையே மாற்றியது. இரண்டும் விரிவு என்ற ஒரே பெயரில்தான் விற்கப்பட்டன.

2011-இல் வந்த சீட்டு விளையாட்டு, தவணை முறையையும் சேர்ந்து ஆடும் முறையையும் முதன்முதலில் இணைத்தது. அதன் இயக்கத்தைச் சுருக்கமாக அறிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும். ஒவ்வொருவரும் மூன்று நாயகர்கள் வரை தேர்ந்து, குறைந்தது 50 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சீட்டின் மூன்று படிகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. சீட்டுகள் தலைமை, போர்த்திறன், ஆன்மபலம், அறிவு என்று நான்கு துறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நாயகர் ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சுறுத்தல் எண் உண்டு. மூவரின் கூட்டுத்தொகையில் ஆட்டம் தொடங்கும். சுற்றுக்குச் சுற்று அது ஏறும். 50-ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் உரிய எதிர்க்கட்டிலிருந்து பகைவர்களும் இடங்களும் துரோகச் செயல்களும் சீட்டுகளாகப் புரண்டு வருகின்றன.

60 சீட்டுகள் கொண்ட ஒரு சிறு பொதியில் ஏறக்குறையப் பாதி, ஆடுபவர்களுக்கான புதிய நாயகரும் துணைச் சீட்டுகளும். மறுபாதி ஒரு புதிய பயணமும் அதன் எதிர்க்கட்டும். வலிமையும் ஆபத்தும் ஒரே உறையில் கட்டி விற்கப்பட்டன. நாயகர் சீட்டுகளை மட்டும் பார்த்துப் பொதிகளைச் சேர்த்தவருக்குப் பழைய பயணங்கள் சப்பென்று ஆகிவிடும். பயணங்களை மட்டும் பார்த்துச் சேர்த்தவர் போதிய வலிமையின்றித் தோற்றுக்கொண்டே இருப்பார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இடி விழுந்தது.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். போட்டி விளையாட்டில் ஆளுக்கொரு சேகரிப்பு தேவை. இங்கே நான்கு பேர் ஆடும் மேசைக்கு ஒரு சேகரிப்பு போதும். அரகார்ன் போன்ற தனிப்பெயர் கொண்டவர் ஒரு மேசையில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது விதி. ஆகவே ஒருவர் அரகார்னை எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் வேறு நாயகர்களைத் தேடியாக வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் குழுக்களுக்கு இது உவப்பான ஏற்பாடு. தனியாக ஆடுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்த விளையாட்டைத் தனியாக ஆடுவோரோ ஏராளம்.

முதல் பெட்டியின் குறை

2011-ஆம் ஆண்டின் அடிப்படைப் பெட்டியில் 12 நாயகர்களும் மூன்று பயணங்களும் இருந்தன. மிர்க்வுட் காட்டைக் கடக்கும் முதல் பயணத்துக்குக் கடினத்தன்மை 1 என்றும், ஆண்டுவின் ஆற்றுப் பயணத்துக்கு 4 என்றும், டோல் குல்டூர் கோட்டையிலிருந்து தப்பும் மூன்றாம் பயணத்துக்கு 7 என்றும் குறிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் பயணத்தில் ஆட்டம் தொடங்கும்போதே நாயகர் ஒருவர் சிறைப்பட்டுவிடுவார். ஒரே பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஆடுபவர் இதை வெல்வது ஏறத்தாழ நடவாத காரியம். விரிவுத் தொகுப்பின் தேவை முதல் பெட்டிக்குள்ளேயே விதைக்கப்பட்டிருந்தது எனலாம்.

இன்னொரு குறை அதைவிட அதிகம் பேசப்பட்டது. கட்டில் ஒரு சீட்டின் மூன்று படிகள் வைக்கலாம் என்று விதி அனுமதித்தாலும், பெட்டியில் சில சீட்டுகளுக்கு மூன்று படிகள், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்றே என்று அமைந்திருந்தது. களைத்த நாயகரை மீண்டும் எழுப்பும் 'அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்' என்ற மிகப் பயனுள்ள சீட்டு ஒரே ஒரு படிதான் இருந்தது. போதாததற்கு, அந்தப் பெட்டி இருவர் ஆடுவதற்கு மட்டுமே போதுமானது. மூவரோ நால்வரோ ஆட இரண்டாவது பெட்டி வேண்டும். அதனால் பலருடைய முதல் 'விரிவு' எதுவென்றால், தாம் ஏற்கெனவே வாங்கிய அதே பெட்டியின் இன்னொரு படி! குலுக்கலை ஒழித்துவிட்டதாகச் சொன்ன முறையில், ஒரு சீட்டுக்காக முழுப் பெட்டியை மறுபடி வாங்கும் நிலை வந்தது நியாயமானதென்று சொல்ல முடியாது.

ரோஸ்கோபெல் பாடம்

முதல் சுற்றான 'ஷேடோஸ் ஆஃப் மிர்க்வுட்' ஆறு பொதிகளைக் கொண்டது. இதை ஆட அடிப்படைப் பெட்டி ஒன்றே போதும். பில்போ தன் 111-ஆம் பிறந்தநாள் விருந்தில் மறைந்ததற்கும் ஃபுரோடோ ஷையரை விட்டுக் கிளம்புவதற்கும் இடையே 17 ஆண்டுகள் கழிகின்றன. புதினம் அதிகம் பேசாத அந்த இடைவெளியில்தான் சுற்றுகளின் கதைகள் அமைக்கப்பட்டன. முடிவு தெரிந்த கதையாக இல்லாததால் வடிவமைப்பாளர்களுக்குக் கை தாராளமாக இருந்தது.

இச்சுற்றின் மூன்றாம் பொதியான 'எ ஜர்னி டு ரோஸ்கோபெல்' விரிவுத் தேர்வின் சிக்கலை நன்கு காட்டுகிறது. காயமுற்ற வில்யடோர் என்ற கழுகை ராடகாஸ்டிடம் கொண்டுசேர்த்துக் குணப்படுத்த வேண்டும். வழியில் அதன் நிலை மோசமாகிக்கொண்டே போகும்; அது இறந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனை ஓர்க்குகளை வெட்டிச் சாய்த்தாலும் இங்கே பயனில்லை. நோய் தீர்க்கும் சீட்டுகளும், மூலிகையைத் தேடிச் செல்லும் ஆற்றலும்தான் வேண்டும். அதற்கு முந்தைய பொதியான 'கான்ஃபிளிக்ட் அட் தி கேராக்' நான்கு பூதங்களை எதிர்த்துப் போரிடச் சொன்னது. அதற்காக அமைத்த கட்டு ரோஸ்கோபெலுக்குக் கொஞ்சமும் உதவாது.

வலிமையான சீட்டுகளை வாங்கிக் குவிப்பது தீர்வாகாது, பயணத்துக்குப் பயணம் வேறு கட்டு அமைக்கும் அளவுக்கு வகைவகையான சீட்டுகள் வேண்டும் என்பதை ஆடுபவர்கள் இச்சுற்றில் கற்றனர். இதைச் சுவை என்று கொண்டாடியவர்கள் உண்டு. தோற்ற பிறகுதான் கட்டை எப்படி அமைத்திருக்க வேண்டும் என்று தெரியவருகிறது, இது என்ன நியாயம் என்று சலித்தவர்களும் உண்டு. இருவர் சொல்வதும் உண்மையே.

குள்ளர் படையைத் திரட்டுதல்

முதல் பெரும்பெட்டி 'கசாட்-டூம்', மோரியாச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றது. அதில் மூன்று பயணங்கள் இருந்தன. அதைத் தொடர்ந்து 'டுவாரோடெல்ஃப்' என்ற இரண்டாம் சுற்றின் ஆறு பொதிகள் வந்தன. இங்கே புதிய கட்டுப்பாடு ஒன்று நுழைந்தது. அப்பொதிகளின் பயணங்களை ஆட 'கசாட்-டூம்' பெட்டியிலுள்ள எதிர்ச் சீட்டுகளும் தேவைப்பட்டன. அடுத்த சுற்றுகளும் ஒவ்வொன்றும் தனக்கு முன்னே வந்த பெரும்பெட்டியைச் சார்ந்தே அமைந்தன. யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் காசு தேட வேண்டியதாயிற்று.

நாயகர் சீட்டுகளுக்கு இந்தச் சார்பு கிடையாது. பெரும்பெட்டி இல்லாவிட்டாலும் சிறு பொதியின் நாயகரை எந்தப் பயணத்திலும் பயன்படுத்தலாம். அதனால் பயணத்தை ஆடும் எண்ணமே இன்றி, ஒரு நாயகருக்காக மட்டும் பொதியை வாங்கும் வழக்கம் பரவியது. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 'ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஸ்டோன்'. அடிப்படைப் பெட்டியிலிருந்த குளோர்ஃபிண்டலின் அச்சுறுத்தல் எண் 12. இப்பொதியில் வந்த புதிய குளோர்ஃபிண்டலுக்கு அது வெறும் 5. பயணத்துக்குச் சென்று அவர் களைக்கும்போதெல்லாம் அச்சுறுத்தல் ஒன்று ஏறும் என்பது அதற்கு ஈடாக வைக்கப்பட்ட குறை. ஆனால் களைக்காமலே பயணத்தில் ஈடுபட வழிசெய்யும் 'லைட் ஆஃப் வாலினோர்' என்ற சீட்டும் அதே பொதியில் இருந்தது! நோயும் மருந்தும் ஒரே உறையில். இந்த இணையைத் தவிர்த்துவிட்டுக் கட்டு அமைப்பதே சிலருக்குத் தன்னடக்கப் பயிற்சியாக இருந்தது.

குள்ளர்களின் கதை வேறு மாதிரி. குள்ளர்களை மட்டுமே வைத்துக் கட்டு அமைப்பது அந்த ஆண்டுகளில் மிக வலுவான உத்திகளில் ஒன்று. மற்றக் குள்ளர்கள் அனைவரின் தாக்கும் ஆற்றலையும் மனவுறுதியையும் கூட்டும் டைன் அயர்ன்ஃபுட், முதல் சுற்றின் கடைசிப் பொதியில் இருந்தார். டுவாலினும் பிஃபுரும் 'கசாட்-டூம்' பெட்டியில் இருந்தனர். தோரின் ஓக்கன்ஷீல்டு 2012-இல் வந்த 'தி ஹாபிட்: ஓவர் ஹில் அண்ட் அண்டர் ஹில்' காவியப் பெட்டியில் வந்தார். ஒரு படையைத் திரட்ட மூன்று வெவ்வேறு வகைத் தொகுப்புகளை வாங்க வேண்டும். ஒரு சிறு பொதியின் தொடக்க விலை 14.95 டாலர். அந்த விலைப்படி 54 பொதிகளுக்கு மட்டும் 800 டாலரைத் தாண்டும். முழுத் தொகுப்பையும் வாங்குபவருக்கு இச்சிதறல் ஒரு பொருட்டல்ல. தேர்ந்து வாங்க நினைத்தவரைத்தான் அது அலைக்கழித்தது.

ஏறிக்கொண்டே போன மதில்

பெரும்பெட்டிகளில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது 2012-இல் வந்த 'ஏர்ஸ் ஆஃப் நூமெனோர்'. அதுவரை பயணத்தில் முன்னேற நாயகர்களின் மனவுறுதியே அளவுகோல். இப்பெட்டி சில கட்டங்களில் தாக்கும் ஆற்றலையும், சில கட்டங்களில் தற்காப்பையும் அளவுகோலாக்கியது. மனவுறுதியை நம்பிக் கட்டு அமைத்தவர்கள் நிலைகுலைந்தனர். கோண்டோர் மக்களின் கதையை விரும்பி இரண்டாவதாக இப்பெட்டியை வாங்கிய புதியவர்கள் அடைந்த ஏமாற்றம் பெரிது.

ஆனால் இதில் வடிவமைப்பாளரைக் குறை சொல்வதும் எளிதல்ல. எல்லாப் பொதிகளையும் வரிசையாக வாங்கி வந்தவரின் கையில் மாதந்தோறும் வலிமை கூடிக்கொண்டே இருந்தது. அவருக்குச் சவால் வேண்டுமானால் எதிர்க்கட்டும் கூடவே வலுக்க வேண்டும். அப்படி வலுத்த எதிர்க்கட்டின் முன்னால், நேற்று அடிப்படைப் பெட்டி வாங்கியவர் நிராயுதபாணி. எல்லாம் வைத்திருப்பவரை எண்ணிப் பெட்டி செய்யப்படுகிறது. ஒன்றும் இல்லாதவரும் அதே பெட்டியைத்தான் வாங்குகிறார். இந்த இடைவெளியே பத்தாண்டு காலம் நீடித்த மையச் சிக்கல்.

பதிப்பகம் இருபுறமும் ஒட்டுப் போட்டுப் பார்த்தது. பழையவர்களுக்காக, ஏற்கெனவே உள்ள பயணங்களைக் கடுமையாக்கும் 'நைட்மேர்' கட்டுகள் வந்தன. புதியவர்களுக்காக எளிய முறை ஒன்று அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்டிலிருந்து குறியிடப்பட்ட கொடிய சீட்டுகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நாயகருக்கும் தொடக்கத்தில் ஒரு வளத்தைக் கூடுதலாகக் கொடுத்து ஆடலாம். எளிய முறையை இழுக்கு என்று கருதி அதைத் தொடாமலே தோற்று விலகியவர்கள் இருந்தது வருந்தத்தக்கது.

இக்காலத்தில் அனுபவமிக்க ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குக் கூறிய வழிகள் பெரும்பாலும் மூன்று. வெளிவந்த வரிசையிலேயே வாங்கு, கடினமும் வலிமையும் ஒன்றாக ஏறும் என்பது ஒன்று. கையிலுள்ள கட்டுக்கு எது தேவையோ அந்தப் பொதியை மட்டும் தேடி வாங்கு என்பது இன்னொன்று. மூன்றாவது வழியை 2013-இல் வந்த 'தி பிளாக் ரைடர்ஸ்' திறந்துவிட்டது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் தொடக்கத்தைக் கூறும் இக்காவியப் பெட்டியை ஆட அடிப்படைப் பெட்டி மட்டும் போதும். சாம், மெர்ரி, பிப்பின், ஃபிரெடெகார் ஆகிய நான்கு ஹாபிட் நாயகர்களும் அவர்களுக்கு ஏற்ற துணைச் சீட்டுகளும் அதிலேயே இருந்தன. ஒரு பயணத்தில் பெற்ற வரமோ சுமையோ அடுத்த பயணத்துக்கும் தொடரும் தொடர்முறையும் இதில்தான் அறிமுகமானது. வாங்கிய பெட்டியைக் கொண்டே வாங்கிய பெட்டியை வெல்லலாம் என்ற நிலை இங்கு ஏற்பட்டது. மூன்றில் இதுவே புதியவருக்கு நல்ல வழியாக இருந்தது. வரிசையாக வாங்கும் வழி கேட்க நேர்த்தியாக இருந்தாலும், பழைய பொதிகள் கடைகளில் தீர்ந்து, மறுஅச்சு எப்போது வரும் என்று தெரியாத நிலையில் பலருக்கு அது ஏட்டுச்சுரைக்காய்தான்.

பெட்டியைப் பிரித்தல்

காவியப் பெட்டிகள் 2017-இல் 'தி மவுண்டன் ஆஃப் ஃபயர்' உடன் நிறைவுற்றன. 2020-இல் 'வெஞ்சன்ஸ் ஆஃப் மோர்டோர்' என்ற ஒன்பதாம் சுற்று முடிந்ததும் புதிய தொகுப்புகள் நின்றன. இதற்கிடையே அதே நிறுவனத்தின் வேறு விளையாட்டுகளில் மாற்றம் தொடங்கியிருந்தது.

2019-இல் வந்த 'மார்வெல் சாம்பியன்ஸ்' என்ற சேர்ந்து ஆடும் சீட்டு விளையாட்டில், நாயகருக்குத் தனிப் பொதி, வில்லனுக்குத் தனிப் பொதி என்று பிரித்து விற்றனர். கேப்டன் அமெரிக்கா வேண்டுபவர் அவரை மட்டும் வாங்கலாம். கிரீன் காப்ளினோடு மோத விரும்புபவர் அந்தப் பொதியை வாங்கலாம். 2016 முதல் பழைய முறையிலேயே வந்துகொண்டிருந்த 'ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்' 2021-இல் 'எட்ஜ் ஆஃப் தி எர்த்' தொகுப்பிலிருந்து இதே வழிக்கு மாறியது. ஒரு பெரும்பெட்டி, ஆறு சிறு பொதிகள் என்றிருந்த சுற்று, துப்பறிவோர் பெட்டி ஒன்று, தொடர்கதைப் பெட்டி ஒன்று என இரண்டாகச் சுருங்கியது.

2022-இல் மோதிர விளையாட்டின் முறை வந்தது. திருத்திய அடிப்படைப் பெட்டியில் நால்வர் ஆடலாம். ஆடுபவர் சீட்டுகள் மூன்று மூன்று படிகளாக இருந்தன. முதல் மூன்று பயணங்களுக்கும் தொடர்முறை சேர்க்கப்பட்டது. இரண்டாவது பெட்டி வாங்கும் கொடுமை பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ஒழிந்தது. டூரினின் குள்ளர்கள், லோரியனின் எல்ஃபுகள், கோண்டோரின் காவலர்கள், ரோஹனின் குதிரைவீரர்கள் என நான்கு ஆயத்தக் கட்டுகளும் வந்தன. மூன்று வகைத் தொகுப்புகளில் தேடித் திரட்ட வேண்டியிருந்த குள்ளர் படை இப்போது ஒரே பெட்டியில் கிடைத்தது.

சுற்றுகளும் இரண்டாகப் பிரிந்தன. ஐந்தாம் சுற்றான 'அங்மார் அவேக்கண்ட்' முதலில் மறுபதிப்புக் கண்டது. 'தி லாஸ்ட் ரெல்ம்' பெரும்பெட்டியும் அதன் ஆறு பொதிகளும் கலைக்கப்பட்டு, ஒன்பது பயணங்களும் ஒரு தொடர்கதைப் பெட்டிக்கும், நாயகரும் துணைச் சீட்டுகளும் ஒரு நாயகர் பெட்டிக்கும் போயின. எதிரி வேண்டுமா, வலிமை வேண்டுமா என்று முதன்முறையாகத் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது. 'டிரீம்-சேசர்', 'எரெட் மித்ரின்' சுற்றுகளும் அதே வடிவில் வந்தன. ஆறு காவியப் பெட்டிகள் புதினத்தின் மூன்று பாகங்களின் பெயரில் மூன்றாகச் சேர்க்கப்பட்டன.

மறுபதிப்பு முதல் சுற்றிலிருந்து தொடங்காமல் ஐந்தாம் சுற்றிலிருந்து தொடங்கியது கவனிக்கத்தக்கது. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று இப்போது பதிப்பகமே தேர்வு செய்ய வேண்டியிருந்தது. வரிசையாக வாங்குவதே சரி என்ற பழைய அறிவுரையை அது தானே பின்பற்றவில்லை. ஒன்பதில் மூன்று சுற்றுகள் புதிய வடிவம் பெற்றன. மோரியாவின் இருளில் நடக்கும் 'டுவாரோடெல்ஃப்' போன்ற, பழைய ஆட்டக்காரர்கள் மிகவும் நேசித்த சுற்றுகள் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. அவற்றைத் தேடுவோர் கைமாறும் பழைய பிரதிகளை நாட வேண்டியிருந்தது. தீர்ந்துபோன சில பொதிகள் அச்சிட்ட விலையைப் போல் பல மடங்குக்கு விலைபோயின. அரிய சீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை ஒழிக்க வந்த முறை, அரிய பொதிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் போய் நின்றது.

அதிகாரப்பூர்வத் தொகுப்புகள் நின்ற பின், 'எ லாங்-எக்ஸ்டெண்டட் பார்ட்டி' என்ற ஆர்வலர் குழு புதிய சுற்றுகளை உருவாக்கத் தொடங்கியது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புதினத்தின் முதல் அத்தியாயத் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றி அமைந்த பெயர் அது. ரோஹன் நாட்டைக் களமாகக் கொண்ட 'சில்ட்ரன் ஆஃப் இயோர்ல்' அவர்களின் தொடக்ககாலப் பெருந்தொகுப்பு. இவர்களின் தொகுப்புகள் பெட்டியாகக் கடைக்கு வருவதில்லை. விரும்புவோர் கோப்புகளைப் பெற்றுத் தாமே அச்சிட்டு, உறையிட்டு, பழைய சீட்டுகளோடு கலந்து ஆடுகின்றனர்.